மோப்பம் சாரின் வலது கை

பல் தேய்க்கிற பிரஷ் மறுபடியும் கைகழுவும் தொட்டிக்குள் விழுந்தபோதுதான் பேராசிரியர் தன் வலது கையை உற்றுப் பார்த்தார்.

கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் மணிக்கட்டோடு மடிந்து, திட்டு வாங்கிய மாணவனின் தலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "நிமிரு" என்று மனதுக்குள் உத்தரவு போட்டார். நிமிரவில்லை. விரல்களை நீட்டச் சொன்னார். அவையும் மதிக்கவில்லை. இடது கையால் தூக்கி நிறுத்திப் பார்த்தார். விட்டதும் பொத்தென்று விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். இவர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்துகிறவர். அலறுவதற்கு முன்னால் பரிசோதித்தார். முழங்கை ஒழுங்காக நீண்டது. மணிக்கட்டு மறுத்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் கிள்ளினார். அடுத்த வீட்டுக்காரரின் தோலைக் கிள்ளுவதுபோல் இருந்தது.

"அடடா! புத்தகத்துல போட்டது போட்டபடி இருக்கே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அந்தச் சந்தோஷம் வாய் கொப்பளிக்கும்வரைகூட நீடிக்கவில்லை.

ரேடியல் நரம்பு. தோளிலிருந்து இறங்கி, மேற்கை எலும்பின் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டு முன்கைக்கு வருகிற நரம்பு. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிற தசைகளுக்கெல்லாம் அதுதான் எஜமான். எலும்பை ஒட்டிக்கொண்டு போகிற இடத்தில் அது நெடுநேரம் நசுங்கினால் கை இப்படித்தான் தொங்கிவிடும். எப்படி நசுங்கும் என்பதைப் பேராசிரியர் வருடந்தோறும் வகுப்பில் நடித்தே காட்டுவார்.

அன்றைக்கு மட்டும் வகுப்புக்கு ஒருவரும் மட்டம் போடமாட்டார்கள். பேராசிரியர் தள்ளாடிக்கொண்டே வந்து நாற்காலியில் சரிவார். வலது கையை நாற்காலியின் முதுகுக்கு அப்பால் தொங்கவிட்டுக் குறட்டை விடுவார். பிறகு விழித்து, தொங்கும் கையைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து பாடத்தைச் சொல்வார்.

"சாதாரண மனுஷனுக்குத் தூக்கத்துல கை மரத்தா புரண்டு படுப்பான். குடிச்சவன்தான் கட்டை மாதிரி கிடப்பான். அதனால இந்தக் கையோட எவன் வந்தாலும் கதை கேட்காதீங்க. குனிங்க. மோந்து பாருங்க! 'நான் குடிக்கவே இல்லை'ம்பான். அதுதான் ரெண்டாவது அறிகுறி!"

இப்படித்தான் அவருக்கு 'மோப்பம் சார்' என்று பெயர் வந்தது. இத்தனைக்கும் அவருக்கே மோப்பம் கிடையாது. பிணங்களை ஊறவைக்கும் ஃபார்மலின் அவர் மூக்கை எப்போதோ காலி செய்துவிட்டது. பூவும் பினாயிலும் அவருக்கு ஒன்றுதான். மாணவர்களின் மூக்கை நம்பித்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மதுவை அவர் தொட்டதில்லை. தொட்டவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நேற்று நடந்தது வேறு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்களே என்ற கவலையில் வயிறு பொருமியது. வழக்கமான ஜீரண டானிக்கை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அதில் ஒரு மகானுபாவன் இதயத்தை வலது பக்கம் வரைந்து, கல்லீரலை இடம் மாற்றி, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறுநீரகத்தைச் செருகியிருந்தான். அதைப் பார்த்துக் கண்ணை மூடியவர் விடிந்துதான் திறந்தார். கை நாற்காலி முதுகின் மேல் கிடந்தது.

"என்னங்க, கை ஏன் அப்படித் தொங்குது?" குளியலறை வாசலில் மனைவி நின்றாள். "ஐயோ, பக்கவாதமா?"

"பக்கவாதமா இருந்தா தேவலையே. மரியாதையாவது மிஞ்சியிருக்கும்."

சத்தம் கேட்டு வங்கியில் வேலை பார்க்கும் மகளும் வந்துவிட்டாள். வந்தவள் கையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தக் கை என்னவென்று தெரியாமல் போகுமா?

"அப்பா, அவர் உங்க ஸ்டூடன்ட்ப்பா. வாசல்லயே கண்டுபிடிச்சிடுவார்."

'அவர்' என்பது குழந்தை மருத்துவர். அவளை விரும்புகிறவர்; இன்று மாலை அப்பா அம்மாவோடு பெண் கேட்டு வருகிறவர்.

"கண்டுபிடிக்கட்டுமே. நான் குடிக்கலைன்னு சொல்றேன்."

"அது ரெண்டாவது அறிகுறிப்பா!"

பேராசிரியர் தொங்கும் கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அவங்கம்மாகிட்ட போன்ல என்னெல்லாம் கேட்டீங்க? வீட்டுல யாராவது குடிப்பாங்களா, சித்தப்பா குடிப்பாரா, சித்தப்பாவோட சிநேகிதர் குடிப்பாரான்னு. அவங்க கோவிச்சுக்கவே இல்லை. 'இப்படி ஒரு ஒழுக்கமான வீட்டைத்தான் தேடிட்டிருந்தேன்'னாங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா அவர் மறுபேச்சு பேசமாட்டார். எனக்கு அவரைத் தவிர வேற யாரும் வேண்டாம்ப்பா." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது.

பெண்ணை அழவைக்கிற தைரியம் பேராசிரியருக்கு என்றுமே இருந்ததில்லை.

"நீ முகத்தைக் கழுவு. சாயங்காலத்துக்குள்ள இந்தக் கையை நிமிர்த்திக்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஊரின் மறுகோடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் துள்ளி எழுந்தாள்.

"மோப்... வணக்கம் சார்! நான் உங்க பழைய ஸ்டூடன்ட் சார்!"

பேராசிரியர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அவள் கண்கள் விரிந்தன. பிறகு, கீழே விழுந்த பேனாவை எடுப்பவள்போல் அவர் பக்கம் குனிந்தாள். பேனா எதுவும் விழவில்லை. நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"ராத்திரி ரொம்ப நேரமாயிடுச்சோ சார்?" என்றாள் தணிந்த குரலில்.

"பேப்பர் திருத்திக்கிட்டே தூங்கிட்டேம்மா."

"சரிங்க சார்."

"நிஜமா. நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை."

"சரிங்க சார்" என்றாள் இன்னும் அன்பாக. அந்த அன்பு பேராசிரியருக்குச் செருப்படிபோல் இருந்தது.

அவள் கைகாரிதான். ஒவ்வொரு விரலாகத் தட்டி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். "நரம்பு அறுந்துபோகலை சார், நசுங்கியிருக்கு, அவ்வளவுதான். நரம்பு மேல இருக்குற உறை கொஞ்சம் கெட்டிருக்கும். அது சரியாகிற வரைக்கும் மூளை போடுற உத்தரவு கைக்கு வந்து சேராது. பல வாரம் ஆகலாம். முதல்ல மணிக்கட்டு எழுந்திரிக்கும், விரல்தான் கடைசி. அதுவரைக்கும் தசை இழுத்துக்காம இருக்க இந்தத் தாங்கியைக் கட்டிக்கங்க."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுந்திரிக்காதா?"

"என்ன சார், நீங்களே இப்படிக் கேக்குறீங்க?"

மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியை எடுத்துவைத்துவிட்டு, தோலைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார்.

"நான் எப்படித் தூங்கினேன்னு காட்டுறேன், பாரும்மா. நாற்காலி இங்க. என் கை இப்படி..."

கையை வீசினார். வீசுவதற்குத் தோள் வேலை செய்தது. நிறுத்துவதற்கு மணிக்கட்டு வேலை செய்யவில்லை. ஸ்பிரிட் பாட்டில் எகிறி, அவர் சட்டையை மார்பிலிருந்து இடுப்பு வரை குளிப்பாட்டிவிட்டுக் கீழே உருண்டது.

"பரவாயில்லைம்மா, காத்துல காய்ஞ்சிடும்" என்றார் மூக்கில்லாத மனிதர்.

தாங்கியைக் கட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் திரும்பினார்.

"சார், வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. ஓரமா நிறுத்திடுறேன்."

"எனக்கு எதுக்குய்யா வாந்தி வருது?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சீட்டு புதுசு சார்."

பேராசிரியருக்குச் சுரீரென்று உறைத்தது. சட்டையை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. அதுதானே பிரச்சினை! தெரு முனையிலேயே இறங்கி, வழக்கமான மருந்துக்கடைக்கு ஓடினார்.

கடைக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு, "என்ன சார், டானிக் தீர்ந்துடுச்சா?" என்றார்.

"அதுவும் தீர்ந்துடுச்சு. இப்ப வேற அவசரம். வாய்ல போட்டா ஊரே மணக்கிற மாதிரி பெப்பர்மின்ட் ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். டானிக் இனிமேதான் வரும். கடையை மூடிட்டுப் போற வழியில வீட்டுலயே குடுத்துடுறேன்."

பேராசிரியர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே வாயில் கொட்டிக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்த மனைவி ஓரடி பின்வாங்கினாள்.

"குடிச்சிருக்கீங்களா?"

"ழீயுமா!" என்றார் பேராசிரியர். நீயுமா என்றுதான் சொல்ல நினைத்தார். வாய் நிறைய மிட்டாய். நாக்கு புரளவில்லை.

"பேச்சு வேற குழறுதே! இத்தனை வருஷமா நல்லவர்னு நம்பினேனே..."

பெப்பர்மின்டைக் கையில் துப்பி, ஸ்பிரிட் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மனைவி பாதி நம்பினாள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டையைக் கழற்றச் சொன்னாள். தாங்கியோடு சட்டைக் கை வெளியே வரவில்லை. தாங்கியைக் கழற்றிக் கட்டிலில் போட்டார்கள். புதுச் சட்டைக்குப் பாதி பொத்தான் போட்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க!" என்று மகள் ஓடிவந்தாள். "அப்பா, கையை பாக்கெட்ல விட்டுக்கங்க. வெளியில எடுக்கவே எடுக்காதீங்க."

மாப்பிள்ளையின் அப்பா தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். நடுவில் குழந்தை மருத்துவர், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா கை குலுக்க வலது கையை நீட்டினார். பேராசிரியர் இடது கையைக் கொடுத்தார். அப்பா அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கணக்கு டீச்சரின் பார்வை பேராசிரியரின் கால்சட்டைப் பையிலேயே நின்றது. பெரியவர்கள் முன்னால் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு பேசும் பையன்களை அவர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவர்.

"கையை எடுங்க, மரியாதையா இல்லை" என்று மனைவி சிரித்தபடியே பல்லைக் கடித்தாள்.

எடுத்தார். எடுத்த வேகத்திலேயே மடியில் ஒரு தலையணையை வைத்து, கையை அதற்கு அடியில் ஒளித்தார். நிலைமை கட்டுக்குள் வந்ததுபோலத்தான் இருந்தது. கணக்கு டீச்சர் அவருடைய ஒழுக்கத்தைப் புகழ ஆரம்பித்தார். பேராசிரியருக்குப் புகழ்ச்சி கேட்கும்போது எப்போதும் கொஞ்சம் மதி மயங்கும். அந்த மயக்கத்தில் இருந்தபோது மகள் தேநீர்த் தட்டை நீட்டினாள்.

பழக்க தோஷம். வலது கையை நீட்டினார்.

கை கோப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. பிடிக்கத்தான் இல்லை. கோப்பை சாய்ந்து, தேநீர் முழுவதும் மாப்பிள்ளையின் அப்பா மடியில் இறங்கியது. அதிகம் பேசாதவர் "அம்மாடியோவ்!" என்று பேசினார்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்!" என்று பேராசிரியர் எழுந்தார். தலையணை விழுந்தது. கூடத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, அவர் வலது கை மணிக்கட்டோடு தொங்கியது.

குழந்தை மருத்துவர் மெதுவாக எழுந்து வந்தார்.

"சார், கையைக் காட்டுங்க."

காட்டினார். குழந்தை மருத்துவர் கையைத் தூக்கினார், விட்டார். விழுந்தது. புறங்கையைத் தடவினார். பிறகு, வேண்டுமென்று செய்யவில்லை, நல்ல ஆசிரியரிடம் படித்த பழக்கம், குனிந்து மோந்து பார்த்தார்.

ஸ்பிரிட்டும் பெப்பர்மின்ட்டும் கலந்து அவர் மூக்கில் ஏறியது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

"என்னடா?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா. நரம்பு லேசா..."

"நரம்பா? நீ வீட்டுல அடிக்கடி நடிச்சுக் காட்டுவியே, 'மோப்பம் சார்' மாதிரி தள்ளாடிக்கிட்டே வந்து கையைத் தொங்கவிடுவியே... அந்தக் கையா இது?"

கணக்கு டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பேராசிரியர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருடைய கௌரவம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"உட்காருங்கம்மா. அந்தக் கைதான் இது. பேப்பர் திருத்திக்கிட்டே நாற்காலியில தூங்கிட்டேன். நரம்பு நசுங்கிடுச்சு. கட்டுப்போடப் போன இடத்துல ஸ்பிரிட் கொட்டிடுச்சு. அந்த நாத்தத்தை மறைக்கப் போய் மிட்டாயைத் தின்னேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு மட்டும் இன்னிக்கு எனக்குப் புரிஞ்சுது. இத்தனை வருஷமா நான் நடத்தின பாடம் தப்பு. அசதியில தூங்கினாலே போதும், ஒரு பாவமும் செய்யாதவனுக்கும் இந்தக் கை வரும். எத்தனை நோயாளிங்க 'நான் குடிக்கலை'ன்னு கதறியிருப்பாங்க! என் ஸ்டூடன்ட்ஸ் எத்தனை பேரை மோந்து பார்த்து அவமானப்படுத்தியிருப்பாங்க! இன்னிக்கு ஒரு நாள் என்னை மோந்து பார்த்ததுக்கே நான் செத்துட்டேன்." அவருக்குக் கண் கலங்கியது. துடைக்க வலது கையைத் தூக்கினார்; அது மூக்கில் வந்து இடித்தது.

குழந்தை மருத்துவர் தொண்டையைச் செருமினார்.

"சார், வாய்மொழித் தேர்வுல நான் இதையேதான் சொன்னேன். 'குடிக்காதவங்களுக்கும் வரலாம் சார்'னு."

"சொன்னியா? நான் என்ன சொன்னேன்?"

"ஃபெயில் பண்ணீங்க சார்."

பேராசிரியர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தொங்கும் கை முதுகில் பொத்பொத்தென்று தட்டியது.

"நீ சொன்னதுதான்பா சரி. இன்னிக்கு நீ பாஸ். முதல் வகுப்பு!"

கணக்கு டீச்சர் கைப்பையைக் கழற்றி வைத்தார். அவருக்கும் கண்ணோரம் ஈரம்.

"அந்த வருஷம் இவன் சாப்பிடாம கிடந்தப்ப உங்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனா, என் சர்வீஸ்ல தன் பாடம் தப்புன்னு ஒத்துக்கிட்ட வாத்தியாரை இன்னிக்குத்தான் பார்க்குறேன். எங்களுக்குப் பூரண சம்மதம், சம்பந்தி."

மகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்க்க மனைவியும் பின்னால் ஓடினாள். மாப்பிள்ளையின் அப்பா நனைந்த மடியைத் துடைத்தபடியே, "நல்லது" என்றார்.

பேராசிரியருக்குப் பழைய கம்பீரம் திரும்பிவிட்டது. கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"நாளைக்கே பாடத்தை மாத்துறேன். சொட்டு மது தொடாத மனுஷனுக்கும் ரேடியல் நரம்பு நசுங்கும். அதுக்கு நானே சாட்சி!"

அழைப்பு மணி அடித்தது. மருந்துக்கடை அம்மாள் கையில் பொட்டலத்தோடு நின்றார்.

"டானிக் வந்துடுச்சு, சார்."

"உள்ள வாங்கம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க" என்று பேராசிரியர் பாட்டிலை இடது கையால் வாங்கி உயர்த்திக் காட்டினார். "சம்பந்தியம்மா, இதுதான் என் ஆரோக்கிய ரகசியம். ஜீரண டானிக்."

"எனக்கும் வயிறு பொருமுது, சம்பந்தி. எவ்வளவு சாப்பிடணும்?"

"ராத்திரி ஒரு டம்ளர். கவலை இருந்தா ரெண்டு, நேத்து நான் குடிச்ச மாதிரி. அப்புறம் இடி இடிச்சாக்கூட எழுந்திரிக்க மாட்டீங்க."

மருந்துக்கடை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னது, டம்ளரா? ரெண்டு ஸ்பூன்தானே சார் குடிக்கணும்! அதுல கால்வாசி சாராயம்... மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரியுமே, சார்!"